தென்சுவர் ஓரத்துக் குழாய்

ஃபென்னா ட்யார்க்ஸுக்கு மாரடைப்பு வந்தது சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது. செப்டம்பர் மாதம், ஆற்றங்கரைத் தெருவில், தபால் பை பாதி காலியாகியிருந்த நேரம். நெஞ்சுக்குள் யாரோ முழங்கையை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. இடது கை மரத்துப்போனது. வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து ஆளைக் கூப்பிட்டிருப்பாள். இவள் மிச்சமிருந்த நாற்பத்திரண்டு வீட்டுக்கும் தபாலைப் போட்டு முடித்து, காலிப் பையை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, அப்புறம்தான் டாக்டரிடம் போனாள். டாக்டர் திட்டித் தீர்த்தார். "பாதியில விட்டுட்டு வர எனக்குப் பழக்கமில்ல" என்றாளாம்.

இதைக் கேட்டு வேனர் ஊரே சிரித்தது. ஏனென்றால் தபாலைத் தவிர ஃபென்னா முழுசாக முடித்த காரியம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் வாயில் வராது. எங்கள் பக்கத்தில் தேநீர் என்றால் மூன்று கோப்பை; அதற்குக் குறைந்தால் வீட்டுக்காரருக்கு அவமானம். ஃபென்னா இரண்டாவது கோப்பையிலேயே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவாள். கேக்கை வேகவிடாமல் மூன்று தடவை அடுப்பைத் திறந்து பார்ப்பாள். பேச்சும் அப்படித்தான். வாக்கியத்தின் முன்பாதி அவள் மனசுக்குள்ளேயே ஓடி முடிந்திருக்கும். வெளியே வருவது பின்பாதி மட்டும். "புதன்கிழமை வேண்டாம்" என்று திடீரென்று சொல்வாள். எது வேண்டாம், யாருக்கு வேண்டாம் என்பதையெல்லாம் கேட்பவர்கள்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

அவள் புருஷன் ஓக்கோ இதற்கு நேர் எதிர். கப்பல் கட்டும் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் குழாய் பொருத்துகிற வேலை பார்த்து, ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. மூன்றாவது கோப்பையை மட்டும் அரைமணி நேரம் குடிப்பான். ஒரு திருகாணியைக் கழற்றினால் அதைத் துடைத்து, வரிசையில் வைத்து, அடுத்ததைக் கழற்றுவான். முப்பத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் அவன் பெண்டாட்டியிடம் விளக்கம் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டான். காதில் விழுந்த சொல்லை எடுத்துக்கொள்வான், அதற்கு என்ன வேலையோ அதைச் செய்துவிடுவான். இந்த ஏற்பாட்டில் குடும்பம் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது ஃபென்னா வளர்த்த கல்வாழைக்கு வருவோம். எங்கள் ஊரில் கல்வாழைக்குப் பேர் இந்தியப் பூக்குழாய். இந்தியாவுக்கும் அதற்கும் என்ன உறவோ, பேர் வைத்தவனைத்தான் கேட்க வேண்டும். நாணல்போல நிமிர்ந்து நிற்கிற தண்டுக்கும், சுவரோடு ஓடுகிற தண்ணீர்க் குழாய்க்கும் எங்கள் பாஷையில் ஒரே சொல்தான். மற்றவர்கள் பூக்குழாய் என்பார்கள். ஃபென்னாவுக்கு அந்தப் 'பூ'வைச் சொல்லக்கூட நேரமிருக்காது. வெறும் குழாய்தான். ஓக்கோ அந்தச் செடிகளைக் குழாய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "உன் செவப்புங்க" என்பான். அவை அவனைப் பொறுத்தவரை பெண்டாட்டியின் உடைமை. ஒரு தடவை களை பிடுங்குகிறேன் என்று பாத்திக்குள் கால் வைத்தவனை, தொட்டால் கையை உடைத்துவிடுவேன் என்று துரத்திவிட்டாள். அன்றோடு அவன் அந்தப் பாத்தியின் ஓரத்தில்கூட நிற்பதில்லை.

ஒரு இடத்தில் நிற்க மாட்டாதவளுக்குக் கல்வாழைமேல் எப்படி ஆசை வந்தது என்று எங்களுக்கெல்லாம் ஆச்சரியம்தான். அது அவசரத்துக்கு வளைகிற செடியில்லை. மார்ச் மாதம் கிழங்கைச் சட்டியில் வைத்துச் சன்னலோரம் முளைக்க விட வேண்டும். மே பதினைந்து, குளிர் சோஃபி நாள் தாண்டுகிற வரைக்கும் வெளியே நடக்கூடாது. அதற்கு முன்னால் உறைபனி எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ஃபென்னா வருஷா வருஷம் ஏப்ரல் கடைசியிலேயே நட்டுவிடுவாள். அப்புறம் குளிர் சோஃபி வரைக்கும் சாயங்காலம் சாயங்காலம் வாளி, கூடை, பழைய கோட்டு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கவிழ்த்து மூடிக்கொண்டு ஓடுவாள். அதற்கப்புறம் குதிரைச் சாணம், வெயில் காலத்தில் தினம் இரண்டு வாளித் தண்ணீர், விடியற்காலையில் நத்தை பொறுக்குவது, வாடிய பூவைக் கிள்ளிவிடுவது. இலையுதிர் காலத்தில் முதல் உறைபனி பட்டு இலை கறுத்ததும் தண்டைச் சாண் உயரத்துக்கு வெட்டி, கிழங்கைத் தோண்டி, மண்ணோடு நிலவறைப் பெட்டியில் மணல் போட்டு நிறுத்தி வைக்க வேண்டும். தரை உறைவதற்குள் எடுக்காவிட்டால் கிழங்கு கூழாகிவிடும். பனிக்காலம் முழுக்க அவள் நாளுக்கொரு தடவை நிலவறைக்குப் போய் ஒவ்வொரு கிழங்கையும் விரலால் அமுக்கிப் பார்ப்பாள்.

அவளிடம் பதினொரு செடி இருந்தது. பத்து சாதாரணம், எந்தத் தோட்டத்திலும் பார்க்கலாம். பதினொன்றாவது அவளே உண்டாக்கியது. சிவப்பு இலைக் கல்வாழையின் மகரந்தத்தை ஒரு மஞ்சள் பூவில் பென்சில் துடைப்பான் நுனியால் தடவி, வந்த விதையை விதைத்து, பூத்ததைப் பார்த்துப் பிடிக்காமல் தூக்கியெறிந்து, மறுபடி தடவி, இப்படி ஆறு வருஷம். கல்வாழை விதை கறுப்பாக, சின்ன ஈயக் குண்டு மாதிரி இருக்கும். தொட்டால் கல்லேதான். ஓக்கோவின் மெல்லிய அரத்தால் மேலோட்டைத் தேய்த்து, வெந்நீரில் இரண்டு நாள் ஊறப் போட்டால்தான் உயிர் வரும். அப்படி முளைத்த ஒன்று அந்த ஆகஸ்டில் முதல் தடவையாகப் பூத்தது. தேநீரில் பாலாடையை விட்டதும் மேலே எழும்புமே, அந்த நிறம். புள்ளியில்லை, கோடில்லை. பூச்செடிச் சங்கத்திலிருந்து வந்து பார்த்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். இப்படியொன்றை நான் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஃபென்னா அன்று பூவின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றாள். முப்பத்தோரு வருஷமாக ஊரார் எழுதியதை ஊராருக்குச் சுமந்தவள் அவள். பெற்ற பிள்ளைகள் இரண்டும் அவரவர் இஷ்டத்துக்கு வளர்ந்து ஹாம்பர்க் போய்விட்டன. இது ஒன்றுதான் அவள் நினைத்து, அவள் கையால் செய்து, நினைத்தபடியே வந்தது. உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. பக்கத்து வீட்டு டால்கே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஒரு துண்டு எனக்கு வெட்டிக் குடேன், ஃபென்னா. நானும் வச்சுப் பாக்கறேன்" என்று கேட்டாள். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாள் ஃபென்னா. கிழங்கு சின்னது என்பது ஒரு காரணம். கொடுக்க மனசில்லை என்பது இன்னொரு காரணம், அதுதான் பெரியது.

இதய ரத்தநாளத்தில் கம்பி வலை வைத்து அனுப்பிய ஆஸ்பத்திரி, மூன்று வாரம் தீவில் உள்ள நலவிடுதியில் இருந்தால்தான் மறுபடி சைக்கிள் என்று சொல்லிவிட்டது. தேதி நவம்பர் மூன்று. அக்டோபர் கடைசியில் லேசாக உறைபனி விழுந்தது. பத்துச் செடியின் இலையும் கறுத்தது. ஃபென்னா பத்தையும் தோண்டி நிலவறைக்கு அனுப்பிவிட்டாள். பதினொன்றாவது தென்சுவரை ஒட்டி நின்றது. செங்கல் பகல் வெயிலைப் பிடித்து வைத்திருந்ததால் அதன் இலை பச்சையாகவே இருந்தது. உச்சியில் ஒரே ஒரு காய், இன்னும் முற்றவில்லை. அந்த விதை அவளுக்கு வேண்டும். எப்போதும் அவசரப்படுகிறவள், இந்த ஒரு தடவை பொறுத்துப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று.

துறைமுகத்துக்குக் காரில் போகும்போது ஓக்கோவிடம் சொன்னாள்.

"தென்சுவர் ஓரத்துக் குழாய். உறைபனி வந்ததும் அதைக் கவனிச்சுடணும். வேற எது போனாலும் பரவாயில்ல. அது உறைஞ்சா நான் தொலைஞ்சேன்."

ஓக்கோ சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குழாய உறைய விடற ஆளா நான்?"

"முதல்ல வைக்கோல் போட்டு மூடி, அப்புறம்..."

"எனக்குக் குழாய் விஷயம் சொல்லித் தர்றியா, ஃபென்னா?"

அதற்குள் கப்பல் ஊதியது. கார் நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்துவிட்டாள். ஓக்கோ பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, "மெதுவா நட" என்றான். அவள் ஏற்கனவே கப்பலேறும் பாலத்தில் பாதி தூரம் போயிருந்தாள்.

நலவிடுதி என்பது ஃபென்னாவைத் தண்டிக்கவே யாரோ கண்டுபிடித்த இடம்போல் இருந்தது. கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டார்கள். நாடி நூற்றுப்பத்தைத் தாண்டினால் அது கீச்சிடும். கடற்கரையில் மெதுவாக நடக்கும் வகுப்பில் அவள் கை மட்டும் கீச்சிட்டுக்கொண்டே போகும். மற்றவர்கள் சேர்ந்து நடப்பார்கள். இவள் முன்னால் போய், திரும்பி வந்து, மறுபடி முன்னால் போவாள். மத்தியானம் பாய் விரித்துப் படுக்க வைத்து, உங்கள் கை கனக்கிறது, உங்கள் கால் கனக்கிறது என்று ஒரு பெண் மெல்லிய குரலில் சொல்வாள். ஃபென்னாவுக்கு எதுவும் கனக்கவில்லை. காய் முற்றியிருக்குமா, இலை கறுத்திருக்குமா, அணில் கிளறியிருக்குமா என்று ஒவ்வொன்றாக வந்து தலைக்குள் உட்கார்ந்தது. கண்ணை மூடினால் தென்சுவர்தான் தெரிந்தது.

சாப்பாட்டு மேஜையில் எதிரே ரோஸ்விதா என்று ஒருத்தி. போஹும் ஊரில் ரொட்டிக் கடைக்காரி, வாய்த்துடுக்கு அதிகம். ஃபென்னா கரண்டியால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருப்பதை நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏம்மா, வீட்ல யாரை இப்படி உயிருக்கு ஊசலாட விட்டுட்டு வந்திருக்கே?" என்று ஐந்தாம் நாள் கேட்டாள்.

"குழாய்" என்றாள் ஃபென்னா.

"குழாயா?"

"பூக்குழாய். ஒண்ணே ஒண்ணு."

ரோஸ்விதா ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "என் புருஷன் ஓடிப்போனப்பகூட நான் இவ்ளோ தட்டல" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். கடிகாரம் கீச்சிட்டது.

ஒன்பதாம் நாள் காலையில் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் வானிலை சொன்னார்கள். கிழக்கிலிருந்து குளிர் வருகிறது, இன்றிரவிலிருந்து நாலைந்து நாள் மைனஸ் எட்டு வரை போகும், மேகம் இருக்காது, பனிப்பொழிவும் இருக்காது. மேலே பனி மூடாத தரை எவ்வளவு சீக்கிரம் உறையும் என்று ஃபென்னாவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அறைக்குப் போய்ப் பெட்டியில் துணியை அடைத்தாள். மாடிப்படியில் விடுதி டாக்டர் எதிரே வந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க, திருமதி ட்யார்க்ஸ்?"

"வீட்டுக்கு. நாளைக்கு வந்துடறேன்."

"போனா போனதுதான். நடுவுல போனவங்களுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். சைக்கிள மறந்துடுங்க."

ஃபென்னா ஒரு படியில் நின்றாள். சைக்கிள் என்றால் அவளுக்குச் சம்பளம் மட்டுமில்லை. சைக்கிள் இல்லாமல் அவள் எப்படி இருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். செடியை நினைத்து அப்படி ஒரு பயம்; ஆஸ்பத்திரியில்கூட அவளுக்கு அது வந்ததில்லை.

துறைமுகத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. எங்கள் தீவுகளில் சிலவற்றுக்குக் கடல் ஏறும்போதுதான் கப்பல். அன்றைக்கு விடியற்காலையிலேயே வந்து போய்விட்டது. அடுத்தது மறுநாள். தண்ணீர் இறங்கிச் சேறாகக் கிடந்த கடலைப் பார்த்துக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். அப்புறம்தான் ஓக்கோவைப் போனில் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. யாரையாவது கேட்டுப் பார்க்கலாம் என்பது எப்போதும் அவளுக்குக் கடைசியில்தான் தோன்றும்.

"குழாய்?" என்றாள்.

"முடிச்சாச்சு" என்றான் ஓக்கோ.

"எப்போ?"

"நேத்து மத்தியானம். வைக்கோல் வச்சு, சாக்கு சுத்தி, பலகைப் பெட்டியே அடிச்சுட்டேன்."

"நிலவறையில நிறுத்திட்டியா?"

"நிறுத்தாம? முதல் வேலையே அதுதானே."

"அடிகிடி படலையே?"

"முப்பத்தெட்டு வருஷத்துல என் கையில அடிபட்ட குழாய் ஒண்ணு சொல்லு."

நன்றி என்று முழுச் சொல்லாகச் சொன்னாள். ஓக்கோவுக்கு அது புதிதாக இருந்திருக்க வேண்டும். அப்புறம், "நீ நல்லா சாப்பிடறியா?" என்று கேட்டான்.

பெட்டியை இழுத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பி, துணியை மறுபடி அலமாரியில் அடுக்கினாள். அன்று மத்தியானம் பாயில் படுத்தபோது அவள் கை உண்மையிலேயே கனத்தது. தூங்கிப்போய்விட்டாள். எழுப்பப் போன பெண்ணை ரோஸ்விதா தடுத்து, "விடு, அவ குழாய் சரியாயிடுச்சு" என்றாள். மிச்சமிருந்த பன்னிரண்டு நாளில் கடிகாரம் மூன்றே தடவைதான் கீச்சிட்டது. தேநீரில் மூன்றாவது கோப்பையைக் குடித்தாள். கடலைப் பார்த்தாள், அதாவது நின்று பார்த்தாள். இப்படி ஒரு சுகம் இருக்கிறது என்று அறுபது வயசுவரை தனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று டாக்டரிடமே கேட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

இருபத்துநாலாம் தேதி ஓக்கோ காரோடு வந்திருந்தான். பெண்டாட்டி கப்பலிலிருந்து நிதானமாக இறங்கி வருவதைப் பார்த்து முதலில் பயந்துவிட்டான். உடம்பு சரியில்லையோ என்று. வழியெல்லாம் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள், முழு வாக்கியங்களாக.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலவறைக்கு இறங்கினாள். மணல் பெட்டியில் பத்துக் கிழங்கும் அவள் வைத்த வரிசையிலேயே இருந்தன. பதினொன்றாவது இல்லை. அலமாரிக்கு அடியில் பார்த்தாள். உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் பார்த்தாள்.

"ஓக்கோ, எங்கே அது?"

"எது?" என்று படியிலிருந்து குரல் வந்தது.

"குழாய்."

"சுவர்லதான். வேற எங்க போகும்?" என்றான் ஓக்கோ. அப்புறம் கொஞ்சம் கூச்சத்தோடு, "வந்து பாரேன்" என்றான்.

வெளியே கூட்டிப்போய்க் காட்டினான். தென்சுவர் ஓரத்தில் தரையிலிருந்து எழும்பித் தோட்டத்துக் குழாய்த் தலைவரை போகிற தண்ணீர்க் குழாய், கைக்குழந்தைக்குத் துணி சுற்றியதுபோல் பொதியப்பட்டிருந்தது. உள்ளே வைக்கோல், மேலே சாக்கு, சாக்கின்மேல் ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாகக் கம்பிக் கட்டு, எல்லாவற்றையும் சுற்றி இழைத்த பலகைப் பெட்டி, மழை இறங்காமல் சரிவாக ஒரு மூடி. அடியில் ஒரு முழம் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி அங்கேயும் வைக்கோல் திணித்திருந்தான்.

"வழக்கமா நிலவறையில தண்ணிய நிறுத்தி வடிச்சுட்டாப் போதும். நீ ரெண்டு தடவ சொன்னியேன்னு பொதியவும் பொதிஞ்சேன்" என்றான்.

பெட்டிக்கு இரண்டு சாண் தள்ளி அவளுடைய கல்வாழை நின்றது. நின்றது என்பதுகூடப் பொய். கறுத்து, மடங்கி, தண்டு சுவரில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. காய் உதிர்ந்துபோயிருந்தது. ஃபென்னா மண்வெட்டியை எடுத்து அடியில் குத்தி நெம்பினாள். மேல்மண் இன்னும் கட்டியாக இருந்தது. கிழங்கு வந்தது. கையில் எடுத்ததும் விரல் உள்ளே இறங்கியது. பழுப்பாக நீர் ஒழுகியது, நாறியது.

"அங்க ஒரு செடி நிக்கறது உன் கண்ணுக்குத் தெரியலயா?" என்றாள். குரல் எழும்பவேயில்லை.

"தெரிஞ்சுது. மிதிச்சுடக் கூடாதுன்னு தள்ளித் தள்ளி நின்னுதான் வேலை பார்த்தேன்."

"இலை கறுத்துதே, ஓக்கோ."

"வருஷா வருஷம் கறுக்கும். அது உன் வேலை. தொட்டா கைய உடைப்பேன்னு நீதானே சொன்னே?" அவன் பெட்டி மூடியின்மேல் கையை வைத்தான். "நீ குழாய்னுதான் சொன்னே, ஃபென்னா."

அவள் திட்ட வாயைத் திறந்தாள். மூளையில்லாதவன், மரமண்டை, முப்பத்தாறு வருஷம் என்று எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் துறைமுகத்தில் தான் சொன்னதை ஒவ்வொரு சொல்லாக நினைத்துப் பார்த்தாள். குழாய், எப்போ, நிறுத்திட்டியா. அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சொன்னதற்கு மேலேயே செய்திருந்தான். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு நாள், அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து இதுதான் என்று காட்ட அவளுக்கு நேரமிருந்ததில்லை. அந்த நினைப்பு மாரடைப்பைவிட மோசமாக வலித்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் டால்கே துணியை மடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அன்னிக்கே ஒரு துண்டு குடுத்திருந்தா, இப்ப நான் ஒரு துண்டு குடுத்திருப்பேன்" என்றாள். குத்திக்காட்டத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, ஃபென்னாவின் முகத்தைப் பார்த்ததும் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஃபென்னாவும் உள்ளே போய்விட்டாள். சமையலறை நாற்காலியில் கோட்டோடு உட்கார்ந்தாள். கையில் நாற்றம் ஒட்டியிருந்தது, கழுவத் தோன்றவில்லை. ஆறு வருஷம் என்று ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். சிவப்பு இலையும் மஞ்சளும் இரண்டுமே நிலவறையில் இருக்கின்றன, மறுபடி தடவலாம்தான். ஆனால் அதே நிறம் வராது. எத்தனை தூக்கியெறிந்து அது ஒன்று வந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். அழுதாள். அழுகையைக்கூட அவள் எப்போதும் பாதியில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறவள், அன்று போகவில்லை.

வெளியே ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டது. சன்னல் வழியாகப் பார்த்தாள். ஓக்கோ தன் பலகைப் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஆணிகளை வரிசையாக வைக்கவில்லை, அப்படியே புல்லில் போட்டான். கம்பிக் கட்டுகளை வெட்டினான், சாக்கை உருவினான், முழங்காலில் உட்கார்ந்து கையாலேயே வைக்கோலை வாரி வெளியே போட்டான். அப்புறம் குழாயடிக் குழிக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினான். பைத்தியம் பிடித்துவிட்டதா, செய்த வேலையைக் கோபத்தில் நாசமாக்குகிறானா என்று அவளுக்குப் புரியவில்லை.

வெகுநேரம் கழித்துச் சேற்றுக் காலணியோடு உள்ளே வந்தான். அவள் துடைத்த தரையில் அவன் அப்படி நடந்ததே கிடையாது. கையை மேஜைமேல் நீட்டி விரித்தான். உள்ளங்கையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கிழங்குத் துண்டு. முனையில் வெளிர்சிவப்பாக ஒரே ஒரு முளைக்கண்.

"அன்னிக்குத் தோண்டறப்ப குழாய ஒட்டி மூக்கு மாதிரி ஏதோ நீட்டிக்கிட்டிருந்துச்சு. உன்னோடதா இருக்கும்னு வெட்டாம, மேல வைக்கோலத் திணிச்சுட்டேன். இப்பதான் ஞாபகம் வந்துச்சு. இதுதானா பாரு."

ஃபென்னா அதை எடுத்தாள். அமுக்கினாள். கெட்டியாக இருந்தது. நகத்தால் ஓரத்தைக் கீறினாள். வெள்ளையாக, ஈரமாக, நாற்றமில்லாமல் இருந்தது. தாயிடமிருந்து சுவரோரமாக ஊர்ந்து, அவன் பொதிந்த வைக்கோலுக்குள் போய்த் தலையை வைத்திருக்கிறது.

"இதுதான்" என்றாள்.

அடுத்த நிமிஷம் அவள் எழுந்துவிட்டாள். வெட்டுவாயில் கரித்தூள் தடவ வேண்டும், சின்னச் சட்டி எங்கே, மணல் நனைந்திருக்கிறதா காய்ந்திருக்கிறதா, நிலவறையில் வைப்பதா அல்லது மாடி அறையிலா, இல்லை, இப்போதே மண்ணில் வைத்துச் சன்னலோரம்... ஒரு அலமாரியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி அதையே திறந்தாள். துண்டை இன்னொரு தடவை அமுக்கினாள். நகம் பட்டுத் தோல் லேசாக உரிந்தது. அதைப் பார்த்ததும் அசையாமல் நின்றாள்.

திரும்பி வந்து துண்டை ஓக்கோவின் கையிலேயே வைத்தாள்.

"நீ வச்சுக்கோ" என்றாள்.

"நானா?"

"உட்காரு. சொல்றேன்." அவன் உட்கார்ந்தான். அவளும் எதிரே உட்கார்ந்து, மெதுவாக, ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னாள். "இது பூக்குழாய்க் கிழங்கு. உறையக் கூடாது, சூடும் ஆகக் கூடாது. பிழிஞ்சா தண்ணி வராத அளவு ஈரமா இருக்கற மணல்ல, கண் மேல பாத்து இருக்கற மாதிரி வைக்கணும். மாசத்துக்கு ஒரு தடவ மணலத் தொட்டுப் பாரு, காஞ்சிருந்தா ரெண்டு ஸ்பூன் தண்ணி. கிழங்கத் தொடாத. மார்ச் வரைக்கும் உயிரா இருக்கா இல்லையான்னு தெரியாது."

ஓக்கோ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். "எங்க வைக்கட்டும்?"

"அத மட்டும் என்கிட்ட சொல்லாத. இடம் தெரிஞ்சா நான் தினமும் போய் எடுத்து அமுக்கிப் பாப்பேன். ஜனவரிக்குள்ள கொன்னுடுவேன்."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். "மார்ச் வரைக்கும் தாங்குவியா?"

"தாங்க மாட்டேன். கேட்டாலும் சொல்லாத."

அவன் துண்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு எழுந்து போனான். நிலவறைக் கதவு திறந்தது. அப்புறம் கொட்டகைக் கதவு. அப்புறம் மாடிப்படியில் காலடி, மறுபடி கீழே. வேண்டுமென்றே எல்லாக் கதவையும் திறந்து மூடுகிறான் என்று புரிந்தது. ஃபென்னா தொடைக்கு அடியில் இரண்டு கையையும் செருகிக்கொண்டு நாற்காலியிலேயே இருந்தாள்.

அன்று சாயங்காலத் தேநீருக்குள் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். அவன் சொல்லவில்லை.